கிளப் அடுப்படியிலிருந்து போர்முனைக்கு: அலெக்சிஸ் சுவாயேயும் பெருந்திரள் சமையலின் வரலாறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் பிரெஞ்சுச் சமையற்காரர்களுக்குக் குறைவில்லை. 1789 புரட்சிக்குப் பின் பிரான்சின் பிரபு மாளிகைகள் கலைந்தபோது, அவற்றின் அடுப்படிகளில் வேலைபார்த்தவர்களில் பலர் வேறு எசமானர்களைத் தேடிப் புறப்பட்டார்கள். ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றிருந்த மரி-அந்துவான் கரேமே 1816இல் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பு இளவரசருக்குச் சமைக்க வந்தார், நெடுநாள் தங்கவில்லை. லூயி யூஸ்டாஷ் ஊட் குரோக்ஃபோர்டு சூதாட்ட விடுதியின் சமையற்கட்டை ஆண்டார். இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஒன்று உண்டு. இவர்கள் சமைத்தது பணமுள்ளவர்களின் நாக்குக்காக. இவர்களுடைய திறமை மாளிகைச் சுவரைத் தாண்டி வெளியே வரவில்லை.

அந்தச் சுவரைத் தாண்டியவர் அலெக்சிஸ் சுவாயே (1810–1858). சமையல் வரலாற்று நூல்கள் இவரை வழக்கமாக 'விக்டோரியா காலத்தின் முதல் நட்சத்திரச் சமையற்காரர்' என்று அறிமுகப்படுத்தி, கோணல் தொப்பியையும் ஆடம்பர விருந்துகளையும் பற்றிச் சில வேடிக்கைக் கதைகள் சொல்லி நகர்ந்துவிடும். இந்தப் படம் பொய்யில்லை; ஆனால் போதாது. சுவாயே விட்டுச்சென்ற முக்கியமான சொத்து எந்தப் பதார்த்தமும் அல்ல. எரிபொருளை மிச்சப்படுத்துவது, அளவை நிலைப்படுத்துவது, பரிமாறும் நேரத்தைக் கணக்கிடுவது, சமைக்கும் வேலையைப் பயிற்சி உள்ளவரிடம் ஒப்படைப்பது என்னும் நான்கையும் ஒன்றாக இணைத்து, ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைப்பதைத் தனித் துறையாக ஆக்கியதே அவர் செய்த வேலை. அது எப்படி உருவானது, ஓரிடத்தில் சறுக்கி இன்னோரிடத்தில் ஏன் வென்றது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

சான்றுகளைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. சுவாயே இறந்தவுடன் அவருடைய உடைமைகள் கடன்காரர் கைக்குப் போயின. கையெழுத்துத் தாள்கள் சிதறிவிட்டன. எஞ்சியவை அவர் அச்சிட்ட நூல்கள், செய்தித்தாள்களுக்கு அவர் எழுதிக் குவித்த கடிதங்கள், அவரிடம் செயலாளர்களாக இருந்த வோலாண்ட், வாரன் இருவரும் 1859இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகள். தன்னைப் பற்றிப் பெருமையாகப் பேசத் தயங்காத மனிதர் அவர். செயலாளர்களும் கதை சொல்வதில் சளைத்தவர்கள் அல்லர். ஆகவே அவருடைய இளமைக் காலச் செய்திகளைக் கொஞ்சம் உப்புக் குறைத்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் பிறந்த ஊர் பாரிசுக்குக் கிழக்கே உள்ள மோ. பிரீ பாலாடைக்கட்டிக்குப் பெயர்போன வட்டாரம். தந்தை பல தொழில் பார்த்தவர், மளிகைக் கடையும் அவற்றில் ஒன்று. பையனைத் தேவாலயப் பணிக்கு விட்டார்கள், ஒட்டவில்லை. 1821இல் பாரிசில் சமையற்காரராக இருந்த அண்ணன் பிலிப்பிடம் வந்து சேர்ந்தான். பதின்பருவம் முடியுமுன்பே பெரிய உணவகங்களில் தேர்ச்சி பெற்று, 1830இல் பிரதமர் பொலிஞாக்கின் சமையற்கட்டில் இரண்டாம் நிலைச் சமையற்காரனாகச் சேர்ந்தான். அந்த ஆண்டு ஜூலையில் புரட்சி வெடித்தது. கூட்டம் அடுப்படிக்குள் புகுந்து உடன் வேலைசெய்தவர்களைச் சுட்டதாகவும், இவன் 'மார்செயேஸ்' பாட்டைப் பாடி உயிர் தப்பியதாகவும் செயலாளர்கள் எழுதுகிறார்கள். பாட்டு நடந்ததோ இல்லையோ, பொலிஞாக்கின் அரசு கவிழ்ந்தது, வேலை போனது. 1831இல் லண்டனுக்கு வந்து, கேம்பிரிட்ஜ் கோமகன் வீட்டில் அதற்குள் வேலையில் அமர்ந்திருந்த அண்ணனோடு சேர்ந்துகொண்டார். பிறகு சில பிரபு வீடுகளில் வேலை. 1837இல் எம்மா ஜோன்ஸ் என்ற ஓவியரை மணந்தார். ஐந்தே ஆண்டுகளில், அவர் பிரசல்சில் இருந்தபோது, எம்மா பேறுகாலத்துக்கு முன்பே வலி கண்டு இறந்தார். கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் மனைவிக்கு அவர் எழுப்பிய நினைவுச் சின்னம் இன்றும் நிற்கிறது.

பால் மால் அடுப்படி

1832இன் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தை ஆதரித்தவர்கள் கூடும் இடமாக 1836இல் ரிஃபார்ம் கிளப் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே சுவாயே அதன் தலைமைச் சமையற்காரர் ஆனார். 1838 ஜூன் 28இல் விக்டோரியா முடிசூடிய காலையில் கிளப் 2,000 பேருக்குச் சிற்றுண்டி அளித்தது. பெருந்திரளுக்குச் சமைப்பதில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பாடம் அதுதான். ஆனால் உண்மையான வாய்ப்பு 1841இல் வந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்த சார்ல்ஸ் பாரியே பால் மால் தெருவில் கிளப்புக்குப் புதிய மாளிகை கட்டினார். அதன் சமையற்கட்டைச் சுவாயே அவரோடு உட்கார்ந்து திட்டமிட்டார்.

அந்தச் சமையற்கட்டைப் பார்க்கச் சீமாட்டிகளும் வெளிநாட்டு விருந்தினரும் வந்து போனார்கள். அதன் குறுக்குவெட்டுப் படம் அச்சாகி விற்பனையானது. ஒரு சமையலறை காட்சிப்பொருள் ஆனதை அக்கால லண்டன் ஒரு கேளிக்கையாகவே எடுத்துக்கொண்டது. நமக்கு முக்கியம் அதன் உள்ளமைப்பு. அன்றைய மாளிகை அடுப்படிகளில் கரிப்புகையில் நின்று சமைத்தவர்களுக்கு நெஞ்சு கெட்டுப்போவது உண்டு. இங்கே அடுப்புகள் எரிவாயுவில் எரிந்தன. குமிழைத் திருகித் தீயைக் கூட்டலாம், குறைக்கலாம், தேவையில்லாதபோது அணைக்கலாம். எரிவாயு தெருவிளக்குக்கு மட்டுமே உரியது என்று பலர் எண்ணிய காலம் அது. நீராவி எந்திரம் தண்ணீரை மேலேற்றியது, இறைச்சி வாட்டும் கம்பிகளைச் சுழற்றியது, தட்டுகளைச் சூடாக வைத்தது. மீன் வைக்கும் கல்மேடைமீது பனிக்குளிர் நீர் ஓடியது. நடுவில் பன்னிரண்டு பக்க மேசை. கைக்கெட்டும் தூரத்தில் மசாலாப் பெட்டிகள். ஆள் நடக்கும் தூரத்தையும் எரிபொருள் வீணாவதையும் ஒருசேரக் குறைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த அறையின் ஒவ்வொரு மூலையிலும் தெரிகிறது. பிற்காலத்தில் டப்ளினிலும் கிரிமியாவிலும் அவர் செய்தவற்றுக்கு விதை இங்கேயே இருக்கிறது.

மற்றபடி அவர் கிளப் வாழ்க்கையின் பகட்டு தனிக்கதை. 1846 ஜூலை 3இல் எகிப்தின் இப்ராகிம் பாஷாவுக்குத் தந்த விருந்தில் பிரமிடு வடிவ இனிப்பு ஒன்றை மேசைக்கு அனுப்பினார். சட்டையிலிருந்து முகவரி அட்டை வரை எல்லாவற்றையும் சாய்வாக வெட்டிக்கொள்வார். தாக்கரே 'பெண்டென்னிஸ்' நாவலில் மிரோபோலான் என்ற சமையற்காரப் பாத்திரத்தை இவரை மனத்தில் வைத்தே படைத்தார். அதே 1846இல் வந்த 'காஸ்ட்ரனாமிக் ரீஜெனரேட்டர்' என்ற நூல் ஏறத்தாழ 2,000 செய்முறைகளைக் கொண்டது. விலை ஒரு கினி. வேலைக்காரப் படை வைத்திருக்கும் வீடுகளுக்கான புத்தகம். எட்டு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய புத்தகத்தின் விலை ஒரு ஷில்லிங், அதாவது இருபத்தொன்றில் ஒரு பங்கு. இடையில் நடந்தது அயர்லாந்து.

டப்ளின், 1847

1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த கருகல் நோய் அயர்லாந்தின் ஏழைகளுக்கு இருந்த ஒரே உணவை அழித்தது. பஞ்சம் ஓய்வதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் மாண்டார்கள். ஏறக்குறைய அதே அளவினர் நாட்டைவிட்டுப் போனார்கள். கூலி வேலை தந்து நிவாரணம் அளிக்கும் திட்டம் 1846–47 குளிர்காலத்தில் படுதோல்வி அடைந்ததும், அரசு 1847 பிப்ரவரியில் கஞ்சித் தொட்டிகளை அனுமதிக்கும் தற்காலிகச் சட்டத்தைக் கொண்டுவந்தது. கருவூலத்திலிருந்து இந்த நிவாரணத்தைக் கட்டுப்படுத்தியவர் சார்ல்ஸ் டிரெவெலியன். 1859இல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவரும் அவரே.

சுவாயே ஏற்கெனவே லண்டனில் ஏழைகளுக்கு மலிவான சூப் வழங்கிப் பார்த்து, அதன் செய்முறைகளைச் செய்தித்தாள்களில் வெளியிட்டிருந்தார். ஆட்சியில் இருந்த விக் கட்சியின் முக்கியஸ்தர்கள் ரிஃபார்ம் கிளப்பில் அன்றாடம் அவர் கைச் சமையலைச் சாப்பிட்டவர்கள். டப்ளினுக்குப் போய் ஒரு மாதிரிச் சமையற்கூடம் அமைக்கும் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. கிளப்பில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஏப்ரல் 5ஆம் நாள் அரசு இராணுவக் குடியிருப்பின் முன்னுள்ள திடலில் கூடம் திறக்கப்பட்டது. மரச்சட்டமும் கித்தானும் கொண்டு எழுப்பிய கூடாரம். நீளம் 48 அடி, அகலம் 40 அடி. நடுவில் 300 காலன் கொள்ளும் நீராவிக் கொதிகலன். சுற்றிலும் நீள மேசைகளில் கிண்ணங்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் சங்கிலியால் கட்டிய கரண்டி. வெளியே வளைந்து வளைந்து வரிசை. மணி அடித்ததும் நூறு பேர் உள்ளே வந்து உட்காருவார்கள், சூப் குடிப்பார்கள். ஆறு நிமிடத்தில் அடுத்த மணி. ஆளுக்குக் கால் பவுண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு மறுபக்கம் வெளியேறுவார்கள். கிண்ணங்களைத் துடைத்துவிட்டு அடுத்த பந்தி. ஏப்ரல் 6 முதல் ஆகஸ்ட் 14 வரை இந்த ஒரு கூடத்திலிருந்து பதினொரு லட்சத்துக்கு மேற்பட்ட பங்குகள் வழங்கப்பட்டன. சராசரியாக நாளுக்கு 8,750. பரிமாறும் ஏற்பாடு என்ற அளவில் இது பெரிய சாதனை.

ஆனால் கிண்ணத்தில் இருந்தது என்ன? அவர் வெளியிட்ட முதல் செய்முறை இது: இரண்டு காலன் தண்ணீருக்குக் கால் பவுண்டு மாட்டிறைச்சி, இரண்டு அவுன்ஸ் கொழுப்பு, இரண்டு வெங்காயம், அரைப் பவுண்டு மாவு, அரைப் பவுண்டு பார்லி, மூன்று அவுன்ஸ் உப்பு, அரை அவுன்ஸ் சர்க்கரை, கொஞ்சம் காய்கறித் தோலும் தழையும். இன்றைய அளவில் ஒன்பது லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 113 கிராம் இறைச்சி. ஒருவருக்கான ஒரு குவார்ட் சூப்பில் 14 கிராம் இறைச்சியும் 57 கிராம் தானியமும் சேரும். கூட்டிப்பார்த்தால் சுமார் 300 கலோரி. கால் பவுண்டு ரொட்டியையும் சேர்த்தால்கூட 600ஐ எட்டாது. ஒரு குவார்ட்டுக்கு முக்கால் பென்னிதான் செலவு என்பதில் சுவாயே பெருமைப்பட்டார். 'லான்செட்' மருத்துவ இதழ் இதைப் போலி வைத்தியத்தோடு சேர்த்துப் பேசியது. வயிற்றை நிரப்புவது வேறு, உடம்பை வளர்ப்பது வேறு என்பதுதான் மருத்துவர்களின் வாதம். சுவாயேயோ சுவையும் செரிமானமும் சரியாக இருந்தால் குறைந்த பொருளே போதும் என்று நம்பினார். சமையற்காரருக்குத் தன் நாக்கின்மீது இருக்கும் நம்பிக்கை அது. பட்டினி கிடந்தவனிடம் அந்த நம்பிக்கை செல்லாது.

திறப்பு நாளில் நடந்த இன்னொன்றை மன்னிப்பது கடினம். ஐந்து ஷில்லிங் நன்கொடை கொடுத்த கனவான்களும் சீமாட்டிகளும் ஏழைகள் சாப்பிடுவதை நின்று வேடிக்கை பார்க்க அனுமதிக்கப்பட்டார்கள். பணம் தருமத்துக்கே போனது என்பது உண்மை. டப்ளின் செய்தித்தாள்கள் அதைக் கடுமையாகச் சாடியதும் நியாயமே. பால் மாலில் அடுப்படியைக் காட்சிக்கு வைத்த மனிதருக்கு இது வேறு என்று உறைக்கவில்லை.

ஆயினும் முழுப் பழியையும் அவர் தலையில் போடுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1847 ஜூலையில் அயர்லாந்து முழுவதும் நாள்தோறும் 30 லட்சம் பேர் கஞ்சித் தொட்டிகளில் சாப்பிட்டார்கள். அந்தப் பஞ்சத்தில் அரசு செய்தவற்றில் ஓரளவு பயன் தந்தது இது ஒன்றுதான். இலையுதிர் காலம் வந்ததும் அதையும் நிறுத்திவிட்டு, ஏழைகளைப் பணிவிடுதிகளுக்குத் துரத்தியது அரசின் முடிவு. சுவாயேயின் தவறு வேறு வகை. அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி, 'இவ்வளவு குறைந்த பொருளை இவ்வளவு பேருக்கு எப்படிப் பங்கிடுவது?' என்பது. அந்தக் கேள்வியே தவறானது என்று அவர் சொல்லவில்லை. அழகாக விடை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதே 1847இல் 'ஏழைகளுக்கான ரீஜெனரேட்டர்' என்ற சிறுநூலை ஆறு பென்னிக்கு வெளியிட்டார். 1849இல் மேசைமீதே வைத்துச் சமைக்கும் 'மாய அடுப்பு' என்ற சாராய விளக்கடுப்பு சந்தைக்கு வந்தது. கிராஸ் அண்டு பிளாக்வெல் அவர் பெயரில் சாஸ் விற்றது. 1850இல் கிளப்பிலிருந்து விலகினார். 1851 மாபெரும் கண்காட்சியின்போது ஹைட் பார்க்குக்கு எதிரே கோர் மாளிகையில் உலக நாடுகள் அனைத்தின் பெயராலும் ஒரு பிரம்மாண்ட உணவகம் திறந்து, அக்டோபருக்குள் சுமார் 7,000 பவுண்டு இழந்தார். வணிகத்தில் அவருக்குக் கை கூடவில்லை. 1854இல் வந்த ஷில்லிங் சமையல் நூலோ இரண்டரை லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வேலைக்காரர் வைக்க முடியாத வீட்டில், ஒரே ஒரு பானையும் வாணலியும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று சொல்லும் புத்தகம் அது.

ஸ்குட்டாரி

கிரிமியப் போரில் 1854–55 குளிர்காலத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் பட்ட பாட்டை 'டைம்ஸ்' செய்தியாளர் ரஸ்ஸல் எழுத, நாடு கொதித்தது. அந்தப் போரில் இறந்த சுமார் 21,000 பிரிட்டிஷ் வீரர்களில் நான்கில் மூன்று பங்கினர் நோயால் இறந்தவர்கள். உணவுப் பொருள் முற்றிலும் இல்லாமல் போகவில்லை என்பதுதான் கொடுமை. வீரர்களுக்கு வறுக்காத பச்சைக் காப்பிக் கொட்டையைப் படியளந்தார்கள். வறுக்க விறகில்லை, அரைக்கக் கருவியில்லை. ஒவ்வொரு வீரனும் தன் பங்கைத் தன் சிறு தகரப் பாத்திரத்தில் தானே சமைத்துக்கொள்ள வேண்டும். இராணுவத்தில் பயிற்சி பெற்ற சமையற்காரர் என்று ஒருவரும் இல்லை.

1855 பிப்ரவரி தொடக்கத்தில் சுவாயே 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதினார். தம் சொந்தச் செலவில் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குப் போய் அங்கே உணவைச் சீர்படுத்தத் தயார் என்றார். போர் அமைச்சர் பான்மியூர் பிரபு ஒப்புக்கொண்டார். புறப்படும் முன்பே அவர் ஒரு கள அடுப்பை வரைந்து, மாதிரி செய்து பார்த்துவிட்டார். மார்ச்சில், இன்றைய இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் இருந்த ஸ்குட்டாரிக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் ஏற்கெனவே நான்கு மாதங்களாகப் போராடிக்கொண்டிருந்தார்.

பெரிய பாசறை மருத்துவமனையின் சமையற்கட்டில் அவர் கண்டதை 1857இல் வெளியான 'சமையல் படையெடுப்பு' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிரிவுக்கும் உரிய இறைச்சியை மரக்கட்டையில் வைத்து இறுகக் கட்டி, கொதிக்கும் பெரிய செம்புக் கொப்பரையில் போடுவார்கள். எது யாருடையது என்று தெரிய அடையாளம் வேண்டுமே. அதற்காகச் சிவப்புத் துணிக் கிழிசல், பழைய பொத்தான், மெழுகுத்திரி கத்தரிக்கும் கருவி என்று கையில் அகப்பட்டதையெல்லாம் கட்டித் தொங்கவிட்டார்கள். இறுகக் கட்டியதால் இறைச்சி வெளியே வெந்து உள்ளே பச்சையாக இருந்தது. வெந்தபின் அந்தச் சாற்றைச் சாக்கடையில் கொட்டினார்கள். எலும்போடு எடைபோட்டுப் பங்கிட்டதால் சில நோயாளிகளுக்கு வெறும் எலும்பே கிடைத்தது. அடுப்பில் நின்ற சிப்பாய்கள் முறைமாற்றில் வந்தவர்கள். வேலை பிடிபடும் சமயத்தில் வேறு பணிக்கு மாற்றப்படுவார்கள்.

சுவாயே கொண்டுவந்த மாற்றங்களைப் படித்தால் அவற்றின் எளிமை வியப்பூட்டும். இறைச்சியைத் தளர்வாகக் கட்டச் சொன்னார். சாற்றைக் கொட்டாமல் பார்லியும் காய்கறியும் சேர்த்துச் சூப்பாக்கினார். மேலே மிதந்த கொழுப்பை வழித்தெடுத்து, கான்ஸ்டான்டிநோபிளில் விலைகொடுத்து வாங்கிய கெட்டுப்போன வெண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்தினார். ஒவ்வொரு உணவுக்கும் இத்தனை பேருக்கு இத்தனை அளவு என்று அட்டவணை எழுதித் தொங்கவிட்டார். சிப்பாய்களில் சிலரை நிலையாக அடுப்புக்கே ஒதுக்கிப் பயிற்சி கொடுக்க வைத்தார். படிப்பொருள் கூடவில்லை, அதே பொருளிலிருந்து கிடைத்த உணவு கூடியது.

டப்ளினுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான். டப்ளினில் பொருளே இல்லை; இருந்த கொஞ்சத்தை நீரில் நீட்டினார். ஸ்குட்டாரியில் பொருள் இருந்தது. அறியாமையாலும் விதிமுறையாலும் வீணானது. சமையற்காரரின் அறிவு வீணடிப்பைத் தடுக்கும், இல்லாததை உண்டாக்காது.

மேயில் நைட்டிங்கேலோடு கடல் கடந்து கிரிமியாவின் பாலக்லாவாவுக்குப் போனார். அங்கே இருவருமே காய்ச்சலில் விழுந்து எழுந்தார்கள். பாசறைகளுக்கு நடுவே விடுதி நடத்திய ஜமைக்கா நாட்டு மேரி சீகோலோடு பழகியதும் இந்தக் காலத்தில்தான். ஆகஸ்ட் 27இல் செவஸ்தபோலுக்கு எதிரேயுள்ள முகாமில் தம் கள அடுப்பைத் தளபதிகள் முன் ஏற்றிக் காட்டினார். இரும்புப் பீப்பாய் போன்ற உடல், அடியில் தீ எரியும் அறை, உள்ளே பொருந்தும் கொப்பரை, மேலே மூடி, பக்கத்தில் புகைபோக்கி. விறகு, கரி, புல்கரி, சாணம் எது கிடைத்தாலும் எரியும். மழையிலும் காற்றிலும் அணையாது. இரவில் வெளிச்சம் வெளியே தெரியாததால் எதிரிக்கு இலக்காகாது. ஓரடுப்பு சுமார் ஐம்பது பேருக்குச் சமைக்கும். இரண்டை ஒரு கோவேறு கழுதைமீது ஏற்றலாம். ஆளுக்கொரு தீ மூட்டிய இடத்தில் ஒரு படைப்பிரிவுக்குச் சில அடுப்புகள் போதுமென்றால், விறகு எவ்வளவு மிஞ்சும் என்று சொல்லத் தேவையில்லை. பால் மாலில் எரிவாயுக் குமிழைத் திருகிச் சேமித்த அதே சிக்கனம், இங்கே பனியில் வேர் தோண்டி எரித்தவர்களுக்குப் பயன்பட்டது.

ஸ்குட்டாரியில் 1855 வசந்தத்துக்குப் பின் இறப்பு விகிதம் சரிந்ததைச் சிலர் சுவாயேயின் கணக்கில் எழுதுவதுண்டு. அது மிகை. மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு சாக்கடைகளைத் துப்புரவாக்கியதும் காற்றோட்டம் ஏற்படுத்தியதுமே முதற்காரணங்கள். உணவு அவற்றுக்குத் துணைநின்றது.

நோயும் களைப்பும் தின்ற உடம்போடு 1857இல் லண்டன் திரும்பினார். 1858 மார்ச்சில் ஒன்றிணைந்த படைப்பிரிவுகள் நிறுவனத்தில் இராணுவச் சமையலைப் பற்றி உரையாற்றினார். வெலிங்டன் படைக் குடியிருப்பில் அவர் திட்டமிட்ட மாதிரிச் சமையற்கூடம் ஜூலையில் திறந்தது. ஆகஸ்ட் 5இல் இறந்தார், வயது நாற்பத்தெட்டு. இராணுவ உணவுச் சீர்திருத்தத்துக்கு இது பேரிழப்பு என்று நைட்டிங்கேல் வருந்தி எழுதினார். எம்மாவின் கல்லறையிலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.

அவருக்குப் பின் வந்த பிரெஞ்சுச் சமையற்காரர்களில் எஸ்கோஃபியே 1890இல் லண்டன் சவாய் ஓட்டலில் அமர்ந்து, சமையலறையைப் படைபோலப் பிரித்து ஒழுங்கமைத்ததற்காக உலகப் புகழ் பெற்றார். சமையற்கலையின் வரலாறு அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது. நியாயமாகச் சுவாயேயின் பெயரும் அந்த வரியில் வர வேண்டும். ஆனால் அவரைச் சாஸ், பிரமிடு இனிப்பு என்ற அத்தியாயத்தில் அடைப்பதைவிடப் பஞ்ச நிவாரணம், மருத்துவமனை நிர்வாகம், படைத்தளவாடம் ஆகியவற்றின் வரலாற்றில் வைப்பதே சரி. ரிஃபார்ம் கிளப்பில் அவர் உருவாக்கிய ஆட்டுக் கட்லெட் இன்றும் பரிமாறப்படுகிறது. அவருடைய கள அடுப்போ சிற்சில மாற்றங்களோடு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரிட்டிஷ் இராணுவத்தின் பயன்பாட்டில் இருந்தது.